கை எட்டாத ஹோல்டர்

குட்டியானை வண்டி எரிந்ததற்குக் கேம்ப் ரோடு முழுக்க ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். ஃபியூஸ் போயிருக்கும், புதுசு வாங்கச் சோம்பல்பட்டு எவனோ கம்பியைச் சுற்றி விட்டிருப்பான், வேறென்ன. டீக்கடையில் சொன்னார்கள், டயர் கடையில் சொன்னார்கள், சாவு வீட்டுக்கே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் சொன்னார்கள். வண்டி வைத்திருக்கிற எவனும் ஒரு தடவையாவது செய்திருக்கிற காரியம்தான் அது. சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை மடித்துச் செருகிக்கொண்டு வேலூர் வரைக்கும் போய் வந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு நீதிபதிகளாகிவிட்டார்கள்.

தசரதன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எரிந்தது வண்டி மட்டும் என்றால் அவனும் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பான். விக்கியும் போய்விட்டான். தசரதனுக்கும் அவன் பெண்டாட்டி கங்கையம்மாளுக்கும் இருந்த ஒரே பிள்ளை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் குடும்பம் பரம்பரையாக இருக்கிறது. அப்பன் காலத்து நிலமெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் அபார்ட்மெண்ட் ஆகிவிட்டது. அதைச் சொல்லி அழுகிற ஆள் இல்லை தசரதன். தன் பங்குக்கு வந்ததில் குட்டியானை என்று ஊரே கூப்பிடுகிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கி, வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் ஏற்றி இறக்கிக் காலத்தை ஓட்டினான். கங்கையம்மாள்தான் ஒருநாள் சொன்னாள்.

"அடுத்தவன் கட்டிலத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடஞ்சது போதும்யா. வண்டில அடுப்ப ஏத்து. சிறுசேரில அந்தக் கம்பெனிங்கள்லேந்து பசங்க பசியோட வெளிய வருதுங்க. கழுத்துல டேக்க மாட்டிகினு பிஸ்கட்ட தின்னுதுங்க, பாவம்."

அப்படித்தான் குட்டியானையின் முதுகில் தகரக் கூண்டு ஏறியது. உள்ளே அடுப்பு, தோசைக்கல், சிலிண்டர், சட்னி அரைக்க மிக்சி, புகையை இழுக்க ஒரு ஃபேன், வரிசையாக லைட். இதற்கெல்லாம் கரண்டு கொடுக்கத் தனியாக ஒரு பேட்டரி. மதியம் மேடவாக்கம் வழியாகக் கிளம்பினால் வெயில் சாயும் நேரத்துக்குள் சிறுசேரியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுவிடுவார்கள். கங்கையம்மாளின் வடகறிக்கு என்றே தள்ளி இருக்கிற கம்பெனிகளிலிருந்தும் பிள்ளைகள் நடந்து வருவார்கள். முட்டை தோசை விக்கியின் இலாகா. ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், மறு காதில் வாங்கிய ஆர்டரில் ஒன்றுகூடத் தப்பாது. யாரைப் பார்த்தாலும் "இன்னா தல, வெங்காயம் தூக்கலா போடவா" என்பான். படித்த பிள்ளைகளுக்கு அவன் மேல் ஒரு இது இருந்தது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டதற்காகத் தசரதன் திட்டியதெல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால் அவன் நிற்பதைப் பார்த்ததும் போய்விட்டது.

அன்று ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆயுத பூஜை முடிந்து அதிக நாள் ஆகவில்லை, வண்டி நெற்றியில் கட்டிய மாலை சருகாகித் தொங்கியது. ஈரக்காற்றுக்குச் சூடாகத் தின்ன வேண்டுமென்று நல்ல கூட்டம்.

"ம்மா, இன்னாமோ கருகுற வாசன வருது," என்றான் விக்கி.

"கல்லுல பாலிதீன் ஒட்டிகினு கீதா பாருடா."

"கல்லு இல்லம்மா. உள்ளேந்து வருது."

தசரதன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்தான். கேனைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பியபோது லைட் எல்லாம் ஒரு தடவை மங்கி மறுபடி எரிந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த முட்டை அட்டைகளில் தீ ஏறுவதை அவன் அங்கிருந்தே பார்த்தான். அட்டைக்கு மேலே எண்ணெய் டின். கங்கையம்மாளை வெளியே தள்ளிவிட்ட விக்கி, சிலிண்டரை மூட உள்ளே கையை விட்டான். மூடியும்விட்டான். அவன் மூடியதால்தான் அந்த மரத்தடியில் நின்ற அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். எண்ணெய் டின் அவன் மேல்தான் சாய்ந்தது.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வைத்திருந்தார்கள். அம்மாவிடம் ஒரு தடவை, "சிலிண்டர ஆஃப் பண்ணிட்டேன்மா" என்றான். அதற்கப்புறம் பேச்சில்லை.

போலீஸ் வந்து பார்த்து, மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனது. மின்கசிவு என்று எழுதிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் கங்கையம்மாளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வண்டிக்கு வயரிங் செய்தவன் எபி. சேலையூரில் டயர் கடைக்குப் பக்கத்தில் வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்க்கிறவன், விக்கியைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டுப் பழகியவன். காரியம் முடிந்த மறுநாள் காலையில் தலையைக்கூட முடியாமல் அவள் அவன் கடைக்கு நடந்தாள். தசரதன் பின்னாலேயே ஓடினான். கடை வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி ஷட்டருக்குள் தூற்றினாள்.

"எம் புள்ளைய எரிச்சிட்டியேடா பாவி! உன் கை வெளங்குமாடா? உன் தொழிலு வெளங்குமா?"

எபி டெஸ்டரைக் கையில் பிடித்தபடி நின்றான். தலையெல்லாம் மண். பின்னால் அவன் பெண்டாட்டி ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அக்கா, நான் நல்ல சாமான்தான்கா போட்டேன்."

"நல்ல சாமான்னா எப்டிடா எரியும்?"

ரோட்டில் போன பஸ்ஸே நின்றுதான் போனது. அன்றிலிருந்து அவன் கடையில் வண்டி விட ஆள் இல்லை. பிள்ளை பறிகொடுத்தவள் மண் தூற்றிய கடை. ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

ஒரு மத்தியானம் எபி வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தசரதனுக்குப் போன் செய்தான்.

"அண்ணா, ஒரே ஒரு தபா அத்த தொறந்து பாத்துக்கறேன். கம்பி சுத்தி இருந்திச்சினா நானே போலீஸ் ஸ்டேஷன் போறேன். தூக்கமே வர்லண்ணா."

தார்ப்பாயை விலக்கினார்கள். எபி கட்டிங் பிளேயரால் பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரை இரண்டு பக்கமும் வெட்டி, நடுவில் உருகித் தொங்கிய கறுப்பு உருண்டையைக் கையில் எடுத்தான். ஃபியூஸை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும் சின்னக் கூடு, அதுதான் ஹோல்டர். ஸ்குரூ டிரைவர் முனையால் பிளாஸ்டிக்கை உடைத்து, உள்ளிருந்த ஃபியூஸை நோகாமல் பிடுங்கினான். வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"பாருண்ணா. கம்பி இல்ல. நான் போட்ட அதே முப்பது ஆம்ப்ஸு. ஃபியூசு போவவே இல்ல."

ஃபியூஸின் இரண்டு காலுக்கும் நடுவே மெல்லிய தகடு அறுபடாமல் முழுசாக இருந்தது.

"போவலனா எப்டிடா எரிஞ்சது?"

"கரண்டு அதிகமா போனாத்தான்ணா ஃபியூசு போவும். இங்க அதிகமா போவல. அதே கரண்டுதான் போயிகினு இருந்துருக்கு. ஆனா ஹோல்டர் புடி வுட்டுருச்சு. புடி லூசா கீற எடத்துல சூடு ஏறும். அது ஃபியூசுக்குத் தெரியாது. ஹோல்டர் உருகிகினே கெடக்கும், ஃபியூசு அது பாட்டுக்குக் கம்முனு குந்திகினு இருக்கும்."

"ஏன் லூசாச்சு? ரெண்டு வருசம்கூட ஆவலியே."

"அதாண்ணா எனக்கும் பிரியல. எத்தினி ஹோல்டர இழுத்து இழுத்துப் பாத்து எடுத்தேன். இதுக்கு ஒரு மூடி இருந்துச்சே, அது எங்க?"

எபி உருண்டையைத் திருப்பினான். ஒரு பக்கம் முழுசாக உருகவில்லை. ஃபியூஸைக் கவ்வும் பித்தளைப் பற்களில் பச்சை பூத்துக் கிடந்தது. பற்களுக்கு நடுவிலும் கூட்டின் வாயைச் சுற்றியும் என்னவோ காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. எபி நகத்தால் சுரண்டினான். சுண்ணாம்பு அடித்த சுவர் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. மேலே கரி. அடியில் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவே சிவப்பு.

எபிக்கு முன்னால் தசரதனுக்குப் புரிந்துவிட்டது.

போன வருஷம் ஒருநாள் சிறுசேரியில் கடை நடக்கும்போதே எல்லா லைட்டும் பொட்டென்று அணைந்தது. எபி பைக்கில் வந்து பார்த்தான். உள்ளே ஒரு வயர் தகரத்தில் உரசி உரசித் தோல் போய் ஷார்ட் ஆகியிருந்தது. ஃபியூஸ் கருகியிருந்தது. அதை எடுத்துக் கங்கையம்மாளிடம் காட்டி, "இது மட்டும் போவலனா வண்டியே போயிருக்கும்கா. இதுதான் உங்க காவல் தெய்வம். அடுப்புக்குக் காட்டறதுக்கு முந்தி இதுக்கு சூடம் காட்டுங்க" என்று சிரித்தான். விக்கியும் சிரித்தான். கங்கையம்மாள் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்கியது. வெள்ளிக்கிழமை என்றால் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் தொழில் செய்கிற சாமான் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பது அவள் வழக்கம். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். அடுப்பு, கல், மிக்சி, சிலிண்டர், பேட்டரி. கடைசியில் ஹோல்டர். மூடி மேல் வைத்தால் மூடிக்குத்தானே வைத்ததாகும்? மூடியைக் கழற்றி ஸ்பூன் டப்பாவில் போட்டுவிட்டு, மோதிர விரலால் நேராக அதன் வாயிலேயே வைத்தாள். வாராவாரம் பழையதன் மேல் புதியது. ஆயுத பூஜைக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக. அத்தனை ஈரமும் பித்தளைப் பற்களுக்குள் இறங்கி, பச்சை பூத்துப் பிடி தளர்ந்திருக்கிறது. தசரதன் பக்கத்தில் நின்று கும்பிட்டிருக்கிறான். அவனுக்கு அது பிடித்தும் இருந்தது, அதுதான் உண்மை. தாய் ஒருத்தி வீட்டுக் காவலுக்குப் பொட்டு வைப்பதில் தப்பு கண்டுபிடிக்க யாருக்குத் தோன்றும்.

எபி கையை உதறினான். "அண்ணா, அக்கா வெப்பாங்க இல்ல, வெள்ளிக்கெழம..."

"வாய மூட்றா."

"நாந்தாண்ணா அன்னிக்கு வெளையாட்டா சொன்னேன்..."

"வாய மூட்றானு சொன்னேன் இல்ல."

இருவரும் வண்டியின் கறுத்த தகரத்தில் சாய்ந்து நின்றார்கள். பக்கத்து அபார்ட்மெண்டில் யாரோ குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனில் பேசுவது கேட்டது. எபி அழுதுகொண்டிருந்தான்.

"இது அவளுக்குத் தெரியக் கூடாது எபி. யாராண்டயும் சொல்லாத. ஜெனியாண்டகூட சொல்லாத."

"சொல்லலண்ணா. ஆனா என் கடை? ஊரே என்ன கொலகாரன்றான்."

"உம்மேல தப்பு இல்லனு நான் சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்."

தசரதன் அந்த உருண்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செம்பாக்கம் ஏரி வரைக்கும் நடந்து போய், ஆகாயத்தாமரைக்கு நடுவில் தண்ணீர் தெரிந்த இடம் பார்த்து எறிந்துவிட்டு வந்தான்.

கங்கையம்மாள் கொல்லையில் குந்தி, தீயில் கறுத்த இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை ஓடாத நாளெல்லாம் அவள் அந்தத் தட்டுகளைத்தான் தேய்த்தாள். கறுப்பு போகிற மாதிரி இருக்கும், காய்ந்ததும் திரும்பத் தெரியும்.

"கங்கா, எபி மேல தப்பு இல்ல."

அவள் தட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"அவன் போட்ட ஹோல்டர் ஒடஞ்சி போச்சு. நாந்தான் தாம்பரம் மார்க்கெட்ல தள்ளுவண்டில கெடந்த ஒண்ண மலிவா கெடைக்குதேனு வாங்கி, நானே முறுக்கி வுட்டேன். எபியாண்ட சொல்லல."

தேய்க்கிற கை நின்றது. "எப்போ?"

"ஆயுத பூஜைக்கு முந்தி."

"நான் பொட்டு வெக்கசொல்ல அதே மாதிரிதான இருந்திச்சு?"

"அதே மாதிரி இருந்துதுனுதான் வாங்கினேன்."

அவள் மெதுவாக எழுந்து நின்றாள். கையிலிருந்து சாம்பல் தண்ணீர் சொட்டியது.

"காவலுக்கு இருந்தத கழட்டிப்புட்டு எத்தயோ கொண்டாந்து வெச்சியா? அதுக்கா நான் பொட்டு வெச்சேன்? அதையா நான் எம் புள்ளையப் பாத்துக்கோனு கும்புட்டேன்?"

அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்கப்புறம் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. விஷயம் ஊருக்குள் பரவ ஒரு பொழுது ஆகவில்லை. எபியின் கடைக்கு மறுபடி வண்டிகள் வந்தன. எபியைத் தூற்றிய வாய்கள் தசரதன் பக்கம் திரும்பின. அவள் அண்ணன் குமரவேல், தசரதனின் சட்டையைப் பிடித்து வாசலில் வைத்து அறைந்தான். "நாலு காசு மிச்சம் புடிக்கப் புள்ளைய எரிச்சியேடா நாயே" என்றான். கங்கையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

வலிக்கத்தான் செய்தது. தசரதன் ஒன்றும் மகான் இல்லை. தட்டை நங்கென்று வைத்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற சில நேரம், "நீதான்டி" என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிடும். சோற்றோடு சேர்த்து விழுங்குவான். தன்னைக் கொலைகாரனாகப் பார்க்கிறவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கோபத்திலாவது தெம்பாக நடமாடுகிறாள். தன்னையே அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் அவள் இருக்கமாட்டாள். இது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தை போய் மாசியும் வந்தது. கங்கையம்மாள் தானாகவே எபியின் கடைக்குப் போனாள். ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசினத மனசுல வெச்சிக்காதம்மா" என்றாள். எபி தலையைக் குனிந்து ஏதோ ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய ரெடி பண்ணு எபி. வூட்ல குந்திகினு அந்த ஆளு மூஞ்சியப் பாத்துகினு இருக்க முடியாது. அடுப்பாண்ட நின்னாத்தான் எனக்கு மூச்சு வரும்."

தகரத்தை வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து, புது வயர் இழுத்தார்கள். ஹோல்டர் வாங்க எபியும் தசரதனும் மேற்கு தாம்பரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் ஒரு தட்டு நிறையக் கொட்டினான். எபி ஒவ்வொன்றிலும் ஒரு ஃபியூஸைச் செருகிச் செருகி இழுத்தான்.

"இது ஈசியா வருது, வாணாம். இது முப்பதுன்னு எழுதி கீது, ஆனா வால் வயரப் பாரு, நூலு மாதிரி. முப்பது எப்டித் தாங்கும்? இது பல்லு வெறும் தகரம், மழைக்குத் துரு புடிக்கும்."

"எல்லாரும் இத்தத்தான் வாங்கினு போறாங்க," என்றான் கடைக்காரன்.

"வாங்கட்டும். எங்களுக்கு வாணாம்."

கடைசியில் உள்ளே இருந்து வேறொரு டப்பா வந்தது. தடித்த வயர், வெள்ளீயம் பூசிய பற்கள், விளிம்பில் ரப்பர் வளையம் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும் மூடி. எபி ஃபியூஸைச் செருகி இழுத்தான். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான். அதற்குப் பிறகுதான் வந்தது. தசரதனிடம் கொடுத்தான். தசரதனும் இழுத்துப் பார்த்தான். பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போயிருந்தால்கூட அப்படி ஒரு கவனம் இருந்திருக்காது. அந்த நினைப்பு வந்ததும் கடைக்காரனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"எங்க வெக்கலாம்?" என்றான்.

"பேட்டரிக்குப் பக்கத்துலதாண்ணா வெக்கணும். எட்டக்க வெச்சா நடுவுல கீற வயருக்குக் காவல் இல்ல." எபி ஹோல்டரைத் தலைகீழாகத் திருப்பினான். "பேட்டரியவே டிரைவர் சீட்டுக்குப் பின்னால தூக்கிடலாம். தகரப் பொட்டி அடிச்சி, அதுக்குள்ள வாய் கீழ பாக்கற மாதிரி மாட்டி, ஸ்குரூ போட்டுடலாம். தண்ணி, எண்ண, ஒண்ணும் படாது. அக்காவுக்கும் கை எட்டாது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமை, குட்டியானை மறுபடி சிறுசேரி தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மரத்தின் ஒரு பக்கக் கிளை தீயில் கருகியது கருகியபடியே இருந்தது, மற்ற கிளைகளில் பூ. வருகிற வழியெல்லாம் கங்கையம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கி, மாவுக் குண்டானை இறக்கி, வடகறியைச் சூடு செய்யும் சட்டியை எடுத்து வைத்தாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

தசரதன் லைட் வயரைச் சரி பார்க்கிற மாதிரி நின்று அவளைக் கவனித்துக்கொண்டிருந்தான். அடுப்புக்கு வைத்தாள். கல்லுக்கு வைத்தாள். மிக்சி, சிலிண்டர். பேட்டரி பழைய இடத்தில் இல்லாததைப் பார்த்து நின்றாள். சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அது எங்க?"

இத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"எது?"

"ஃபியூசு."

"சீட்டுக்குப் பின்னால கீது. பொட்டிக்குள்ள."

"தொற."

"ஸ்குரூ போட்டு கீது."

"ஸ்குரூவ கழட்டு."

"எபி தொறக்க வாணாம்னு சொன்னான்."

"அவன் சொன்னா? காவலுக்குக் கீறது அது. அதுக்கு வெக்காம நான் எப்டி அடுப்பப் பத்தவெக்கறது? இந்தத் தபாவாச்சும் எம் மனசு ஆறட்டும். நீ தொறக்கறியா, நானே நெம்பட்டா?"

"ஈரம் படக் கூடாதுமே."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தபடி அப்படியே நின்றாள். மோதிர விரலில் சந்தனம் சொட்ட நின்றது. அந்த விரலைப் பார்த்தாள்.

"ஈரம் பட்டா?"

"ஒண்ணும் இல்ல. புது சாமான், அதான் சொன்னேன்."

"அதுல ஈரம் பட்டுதா?"

"நாந்தான் மாத்தினேன்னு சொன்னேனே."

"எங்க வாங்கின?"

"மார்க்கெட்ல."

"மார்க்கெட்ல எங்க?"

"தள்ளுவண்டில."

"எந்தப் பக்கம்? காய்கறிப் பக்கமா, ஸ்டேஷன் பக்கமா? கூட யாரு இருந்தாங்க? விக்கி கேக்கலியா இன்னாத்துக்கு இதுனு?"

தசரதனுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. அந்த ஒரு பொய் இத்தனை மாதம் நின்றதே அவள் பேசாமல் இருந்ததால்தான்.

"மூடிய நாந்தான் கழட்டினேன்," என்றாள் அவள். "ஸ்பூன் டப்பால போட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் பாத்துகினுதான் இருந்தேன். வாணாம்னு ஒரு வார்த்த சொல்லலமே. எனக்கும் நல்லாதான் இருந்திச்சு. நீ மட்டும் இல்ல."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அது சாய்ந்து, சந்தனம் ரோட்டு மண்ணில் ஓடியது. விழுந்துவிடுவாளோ என்று அவன் கிட்டே போனான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எபிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அவன் தலைல மண்ணத் தூத்தினேன்." அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். "எங்கண்ணன் உன்ன அடிச்சான். கதவப் புடிச்சிகினு பாத்துகினு இருந்தேன். நல்லா அடிண்ணானு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் இல்லயா?"

"சொல்லி?"

அவள் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான், அழவில்லை. பிறகு கேனைச் சாய்த்துக் கையைக் கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இனி போக ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். முகர்ந்து பார்த்து மறுபடி துடைத்தாள்.

"தொற," என்றாள்.

"கங்கா..."

"பொட்டு வெக்க மாட்டேன். தொற."

அவன் ஸ்குரூக்களைக் கழற்றினான். தகரப் பெட்டிக்குள் வாயைக் கீழே பார்த்து, மூடி பூட்டி, ஹோல்டர் சுத்தமாகத் தொங்கியது.

"இத்த எப்டிப் பாத்துக்கணும்?"

"ஒண்ணும் பண்ண வாணாம். தண்ணி படாம இருந்தா போதும். லைட்டு, ஃபேனு எல்லாம் போட்டு ஒரு அர மணி ஓடினப்பறம், காஞ்ச கையால தொட்டுப் பாக்கணும். சுட்டுச்சினா உடனே ஆஃப் பண்ணிடணும். சுடலனா சரி."

"போடு எல்லாத்தையும்."

லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. அவள் பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்து டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள், வியர்வை படாமல். கம்பெனி கேட் திறந்து பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அடுப்பு பற்றவில்லை. தசரதன் பற்றவைக்கவா என்று கேட்கவில்லை.

கழுத்தில் டேக் தொங்க ஒரு பையன் ஓட்டமாக வந்தான்.

"அக்கா! எவ்ளோ நாளாச்சு, எங்க போனீங்க? ஒரு முட்டை தோசை. விக்கி எங்க?"

தசரதன் ஏதோ சொல்ல முன்னால் வந்தான். அதற்குள் கங்கையம்மாள் எழுந்து, எட்டாத பெட்டிக்கு எக்கி, காய்ந்த விரலை ஹோல்டர் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

"அவன் இல்லப்பா," என்றாள். "இரு. சுடுதானு பாத்துகினு கீறேன்."